முள் நின்ற வண்டி, திரை இருண்ட வண்டி

டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். திருவள்ளூருக்குப் பக்கத்தில் அதிகத்தூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது 1998-இல். ஏறத்தாழ ஒரே வயது. ஒன்று, பெருமளவில் உற்பத்தியான உலகின் முதல் ஹைபிரிட் கார். மற்றது, அம்பாசடரும் ஃபியட்டும் ஓட்டிச் சலித்த நம் ஊர்க் குடும்பங்கள் அண்ணாந்து பார்த்த வண்டி. இந்த இரண்டின் மீட்டர் போர்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். வயதான ஹைபிரிட் வைத்திருப்பவர் "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்கிறார். பழைய லான்சர்க்காரர் "மீட்டர் வேலை செய்யல" என்கிறார். கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே கோளாறு. ஆனால் லான்சர்க்காரர் இழப்பது சில அளவுகளை. ஹைபிரிட்காரர் இழப்பது, வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்ற செய்தியையே.

எந்தப் பிரியஸ் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 2003 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறை. மீட்டர் அணைந்துபோவதற்குப் பேர் வாங்கியது அதுதான். இந்தியாவில் அது முறைப்படி விற்கப்படவில்லை. 2010-இல் இங்கே வந்தது மூன்றாம் தலைமுறை. அதுவும் முழு வண்டியாகக் கப்பலில் இறங்கி, 26 லட்சத்துக்கு மேல் விலை போட்டு. அதற்கு முன் 2008-இல் வந்த ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும் விலையாலேயே பரவவில்லை. எனவே கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் நின்று ஷிஃப்ட் முடிந்து போகிற வண்டிகளைப் பார்த்தால், இருபது வயது ஹைபிரிட் கண்ணில் படுவது அபூர்வம்.

அந்த வயது ஹைபிரிட்கள் தமிழர் கையில் இருக்கிற இடம் பாக்கு நீரிணைக்கு அப்பால். ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டிகளை வாங்கி வருவது இலங்கையில் நெடுநாள் வழக்கம். ஹைபிரிட்களுக்கு வரிச் சலுகை கிடைத்த காலத்தில் பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் என்று வரிசையாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டும் புது வண்டி வராததால், இருந்தவற்றையே பழுது பார்த்து ஓட்டவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கராஜ் வைத்திருப்பவர்களுக்கு, நம்முடைய மெக்கானிக்குகளுக்கு இன்னும் பத்தாண்டு கழித்துத் தேவைப்படப்போகிற அனுபவம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது என்பது என் கணிப்பு. அங்கே திரைக் கோளாறு இன்னொரு வடிவிலும் வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஜப்பானிய நேவிகேஷன் திரை பூட்டிக்கொண்டு, ஜப்பான் வரைபடம் உள்ள எஸ்டி கார்டையோ திறப்பு எண்ணையோ கேட்கும். அது வெறும் தொல்லை. வண்டி ஓடும். இங்கே நான் பேசுவது அதைப் பற்றியல்ல.

டீசல் லான்சரின் மீட்டர் போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றைப் போலவே, வேகத்துக்கு ஒரு முள், எஞ்சின் சுற்றுக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி வழியில் தகவல் வாங்குகிறது. டேங்கில் மிதவை கெட்டால் டீசல் முள் மட்டும் படுக்கும். பல்ப் போனால் இரவில் ஒரு மூலை இருளும். மொத்தமும் ஒரேயடியாகப் போவதென்றால் ஃபியூஸ் போயிருக்கும், இல்லையென்றால் எர்த் விட்டிருக்கும். ஜி.என்.டி. சாலையோரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். மீட்டரே போய்விட்டால் புதுப்பேட்டையில் தேடினால் உடைத்த வண்டியின் மீட்டர் கிடைக்கும். அந்த வண்டி ஓடிய கிலோமீட்டரும் கூடவே வந்து சேரும் என்பதைத் தவிரப் பெரிய சிக்கல் இல்லை.

ஆனால் லான்சரின் பலம் மீட்டரில் இல்லை, மீட்டருக்கு வெளியே இருக்கிறது. எல்லா முள்ளும் செத்துக் கிடந்தாலும் எஞ்சின் ஓடுகிறதா என்று காது சொல்லும். அந்த 2 லிட்டர் டீசல் எஞ்சினின் அதிர்வு ஸ்டீயரிங் வரை வரும். எந்த கியர் என்பதைக் கை அறியும். குச்சி இருக்கிற இடம்தான் கியர் இருக்கிற இடம். வண்டி ஆனா ஆஃபா என்பது சாவி திரும்பியிருக்கிற கோணத்தில் தெரியும். சாவியை உருவிவிட்டால் சந்தேகமே இல்லை. எண்ணூரில் விளக்கில்லாத மீட்டரோடு கிளம்பி, முன்னே போகிற லாரியின் வேகத்தை அனுசரித்து, பொன்னேரி வரை வந்துவிடலாம். சட்டப்படி அது தவறு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி வேகமானி வேண்டும் என்கிறது. ஆனாலும் அபாயத்தின் அளவு ஓட்டுகிறவருக்குப் புரிகிற அளவுதான்.

இப்போது பிரியஸ். ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் ஒன்றுமில்லை. டேஷ்போர்டின் நடுவில், முன்கண்ணாடிக்கு அருகே ஒடுங்கிய பள்ளத்தில் வேகம் பச்சை எண்களாக ஒளிரும். பெட்ரோல் அளவு, கியர் நிலை, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அங்கேதான். கியர் குச்சி சிறியது. டி-க்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி நடுவுக்கே வந்துவிடும். பார்க்கிங் ஒரு பொத்தான். சாவி திருப்புவது கிடையாது. பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் எஞ்சின் சத்தமே இல்லாமல், 'ரெடி' என்ற பச்சை விளக்கு எரியும். அந்த ஒரு விளக்குதான் "வண்டி தயார், மிதித்தால் நகரும்" என்று சொல்கிறது.

நான் முக்கியமாகக் கருதும் ஒரு விவரம் இங்கே இருக்கிறது. அந்தப் பவர் பொத்தானிலேயே ஒரு சின்ன விளக்கு உண்டு. வண்டி பாதி விழித்திருக்கும்போது அது ஆரஞ்சாக எரியும். பிரேக்கை மிதித்துக் கிளப்பத் தயாரானால் பச்சையாகும். வண்டி முழுதாக அணைந்திருந்தால் எரியாது. முழுதாக ஓடத் தயாராகிவிட்டாலும் எரியாது. ஆஃபும் ரெடியும் பொத்தானில் ஒரே தோற்றம். வித்தியாசம் சொல்ல வேண்டியது மீட்டர். அந்த மீட்டர் இருண்டுவிட்டால், சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை, குச்சியும் நடுவில் நிற்கிறது, பொத்தானும் மௌனம். நாலு சாட்சியும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன.

கோளாறு எங்கிருந்து வருகிறது? மீட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் ஒரு சிறிய மின்தேக்கி. கடைக்காரர்கள் கெப்பாசிட்டர் என்பது. அதன் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் வயதாக ஆக வற்றுகிறது, சில சமயம் கசிகிறது. மீட்டர் விழிக்கும் கணத்தில் தேவைப்படும் மின்சாரத்தை அதனால் தாங்கிக்கொடுக்க முடிவதில்லை. முதலில் என்றாவது ஒருநாள் மீட்டர் எரியாமல் போகும். மறுபடி அழுத்தினால் எரியும். பிறகு அடிக்கடி. பிறகு நிரந்தரம். இதோடு நிற்காமல் வண்டியை அணைக்கவும் முடியாமல் போவதுண்டு. சக்கரத்தின் வேகம் பற்றிய செய்தி பல டொயோட்டா வண்டிகளில் மீட்டர் வழியாகத்தான் மற்ற கணினிகளுக்குப் போகிறது. வண்டி நின்றுவிட்டது என்று உறுதி கிடைக்காவிட்டால், பவரைத் துண்டிக்கக் கணினி தயங்கும். ஓடும் வண்டி நடுவழியில் அணையக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. இந்தக் கோளாறு தெரிந்ததுதான் என்பதை ஏற்று, அமெரிக்காவில் தொடக்க ஆண்டு மாடல்களின் மீட்டருக்கு உத்தரவாதக் காலத்தை டொயோட்டா நீட்டித்தது.

நடுவில் இருக்கும் பெரிய தொடுதிரையும் இதே வண்டிகளில் கெடுவதுண்டு. உள்ளே இருக்கும் இணைப்புகளின் பற்றவைப்பு விட்டுப்போவது வழக்கமான காரணம். ஆனால் அது போனால் ஏசியைத் திரையில் கூட்டிக் குறைக்க முடியாது, மின்சாரம் எங்கே போகிறது என்ற படம் தெரியாது, அவ்வளவே. ஒரே வண்டியில் இரண்டு திரை. ஒன்று செத்தால் வசதி குறையும், இன்னொன்று செத்தால் வண்டியே புரியாத பொருளாகும். கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவது முதலாவது. உயிருக்குப் பெரியது இரண்டாவது.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. மின்தேக்கியின் ஆயுள் சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி, கோடையில் தமிழ்நாட்டின் அதிகபட்ச வெப்பம் பதிவாகும் ஊர்களில் ஒன்று. அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரியைத் தாண்டுவது அங்கே புதிதல்ல. வெளியே 40 என்றால், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70-ஐத் தாண்டும். சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் கார்கள் எட்டு மணி நேரம் மரமில்லாத மைதானத்தில் நிற்கின்றன. கூடவே எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உப்புக்காற்று. லான்சரின் மீட்டரை இதே வெயில் வெளுக்க வைக்கும், பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும், முள்ளின் வண்ணத்தை உரிக்கும். வேலையை நிறுத்த வைப்பது குறைவு. முன்கண்ணாடிக்கு அருகில் வைத்த ஒரு மின்னணுப் பெட்டிக்கு அதே வெயில் ஆயுளையே குறைக்கிறது. ஜப்பானில் பதினைந்து ஆண்டு தாங்கியது இங்கே எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை, விற்கிறவர்கள் நமக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முள்ளுக்கு வக்காலத்து வாங்கி முடித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முள் பொய் சொல்லும். இருண்ட திரை பொய் சொல்வதில்லை. பாதி டேங்கிலேயே சிக்கி நிற்கும் டீசல் முள்ளை நம்பி நடுரோட்டில் நின்றவர்கள் ஏராளம். அதைவிட மோசம் சூட்டு முள். சென்சார் கெட்டு அது நடுவிலேயே நிற்க, ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி ஹெட் கேஸ்கெட் வெடிக்கும் வரை ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது. பல பழைய வண்டிகளில் எஞ்சினைக் கொன்றது இந்த அமைதியான பொய்தான். பிரியஸில் சூட்டு முள்ளே கிடையாது. கணினி கவனித்துக்கொண்டிருந்து, எல்லை மீறினால் விளக்கைப் போடும், தேவைப்பட்டால் சக்தியையும் தானே குறைக்கும். திரை வேலை செய்கிற வரையில், லான்சரை விடப் பிரியஸ் ஓட்டுநருக்கு நேர்மையான நண்பன். அதனால்தான் அதன் மரணம் அதிகம் பாதிக்கிறது.

பேட்டரி விஷயத்திலும் இதே வேறுபாடு. லான்சரில் 12 வோல்ட் பேட்டரி பலவீனமானால் காலையில் செல்ஃப் திணறும். அந்த இழுவையைக் கேட்டதுமே "பேட்டரி மாத்தணும்" என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். பிரியஸில் செல்ஃப் மோட்டாரே இல்லை. 201.6 வோல்ட் பெரிய பேட்டரிதான் எஞ்சினைச் சுழற்றுகிறது. டிக்கியின் ஓரத்தில் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி முக்கியமாகக் கணினிகளை எழுப்புவதற்கு. அது தளர்ந்தால் எந்தச் சத்தமும் மாறாது. திரை மினுக்கும், சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக எரியும், வண்டி ரெடிக்கு வராது. ஆகவே ஹைபிரிட்டில் டிஸ்ப்ளே விபரீதமாக நடந்துகொண்டால் முதலில் அளக்க வேண்டியது அந்தச் சின்ன பேட்டரியின் வோல்டேஜை. மீட்டரை மாற்றச் செலவழித்த பிறகு குற்றவாளி பேட்டரி என்று தெரிவதைவிட வருத்தமான பில் வேறில்லை.

பேட்டரி நல்லது, மீட்டர்தான் கெட்டது என்று உறுதியானால், பொருளின் விலை வியக்க வைக்கும். அந்த மின்தேக்கி சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய். அதை எடுத்து மாற்றத் தேவை கைநடுக்கம் இல்லாத ஒரு சால்டரிங் ஆள். தமிழ்நாட்டில் டிவியும் செல்போனும் ரிப்பேர் செய்கிற ஆயிரக்கணக்கானோருக்கு அது தெரிந்த வேலை. ஆனால் டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரை எடுத்துத் தர ஒருவர் வேண்டும், அவருக்கு ஹைபிரிட் தெரிந்திருக்க வேண்டும். இருண்ட மீட்டரோடு வரும் ஹைபிரிட்டை ஓடிக்கொண்டிருக்கும் வண்டியாகவே கருதிக் கையாள வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கம் போவதானால், சர்வீஸ் பிளக்கை ரப்பர் கையுறையோடு உருவி, இன்வர்ட்டருக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். லான்சரில் பானெட்டைத் திறந்ததும் கையை விடுகிற பழக்கம் இங்கே ஆபத்து. அணைந்ததாகத் தோன்றும் வண்டியில் எஞ்சின் தானாகக் கிளம்பும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2018-இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தித் தொகுப்பு வெளியிட்டது. சாவி திருப்பத் தேவையில்லாத கார்களை அணைத்துவிட்டதாக எண்ணி, வீட்டோடு ஒட்டிய கராஜில் விட்டுப்போய், எஞ்சின் புகையால் அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அது சொன்னது. அவற்றில் மீட்டர் கெட்டிருக்கவில்லை. வண்டி ஆனா ஆஃபா என்பது மனிதப் புலன்களுக்குத் தெரியாமல் போனதுதான் காரணம். 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் உலகெங்கும் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இந்த வகைதான்: தள்ளியதும் நடுவுக்குத் திரும்பும் கியர் குச்சி, பார்க்கிங்கில் போட்டதாக நினைத்து இறங்கியவர்கள், உருண்ட வண்டிகள். நல்ல திரையோடு இருந்த வண்டிகளுக்கே இந்தக் கதி என்றால், இருண்ட திரையோடு ஒரு ஹைபிரிட் என்னவாகும் என்பதை யோசித்தாக வேண்டும்.

ஃபியட் கிரைஸ்லர் பிறகு பெஜோ-சிட்ரோயன் குழுமத்தோடு இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. லான்சர் பிறந்த திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் அந்தக் குழுமத்தின் சிட்ரோயன் கார்கள் வருகின்றன. முதலில் வந்த சி5 ஏர்கிராஸில் முள்ளே இல்லை; 12.3 அங்குலத் திரைதான் மீட்டர். ஒரே ஆலையில் இருபத்துமூன்று ஆண்டில் முள்ளிலிருந்து திரைக்கு வந்துவிட்டோம். அது ஹைபிரிட் அல்ல; ஆனால் ஹைபிரிட்களும் வந்துவிட்டன. இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா மூன்றும் 2022-இல் அறிமுகமாகி, இன்று திருவள்ளூரின் டிஎன் 20 எண்ணோடு சாதாரணமாக ஓடுகின்றன. 2025 நவம்பரில் மாருதி சுஸுகி 39,506 கிராண்ட் விட்டாராக்களைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் அளவும் அதற்கான எச்சரிக்கை விளக்கும் மீட்டரில் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பது காரணம். புது வண்டியில் இது நிறுவனமே தேடிவந்து சரிசெய்து தருகிற வேலை. பன்னிரண்டு வயதில் அதே மீட்டர் கெட்டால் யார் வருவார்கள்?

இங்கே எனக்குக் கோபம் வருகிறது. ஹைபிரிட் பேட்டரிக்கு நம் நாட்டில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மீட்டர் வருவது வண்டியின் பொது உத்தரவாதத்தில். டொயோட்டாவில் அது 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். வண்டியின் பதிவோ 15 ஆண்டுக்குச் செல்லும். பேட்டரி பலவீனமானால் மைலேஜ் குறையும், ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும், பணம் சேர்க்க அவகாசம் கிடைக்கும். மீட்டர் போனால் முன்னறிவிப்பு சில நாட்களே. பாதுகாப்புக்கு முக்கியமான உறுப்புக்குக் குறைந்த உத்தரவாதமும், எரிபொருள் சிக்கனத்துக்கான உறுப்புக்கு நீண்ட உத்தரவாதமும் தருவது தலைகீழ் வரிசை. ஹைபிரிட்டில் மீட்டரைப் பேட்டரியோடு ஒரே உத்தரவாதத்தில் சேர்க்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் ஷோரூமிலேயே கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் ஐம்பது ஆண்டாக வாகன மீட்டர் செய்துவரும் மாநிலம் இது. பதினைந்து ஆண்டு தாங்கும் மின்தேக்கியைப் போட்டு மீட்டர் செய்வது இங்கே முடியாத காரியம் அல்ல.

செய்கிறவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன். மீட்டர் எதையும் காட்டாவிட்டாலும் வண்டி ரெடியில் இருப்பதைச் சொல்ல, மீட்டரைத் தொடாத தனி ஒயரில் ஒரு எல்இடி பவர் பொத்தானுக்குள்ளேயே எரிய வேண்டும். ரெடி என்றால் எரிய வேண்டும், ஆஃப் என்றால் அணைய வேண்டும். பழைய வண்டி வாங்க யாழ்ப்பாணத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ போகிறவர்கள், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு ஒருமுறை பவர் பொத்தானை அழுத்தி, மீட்டர் உடனே விழிக்கிறதா, ஒரு நொடி தயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். தயங்கினால் விலையில் ஒரு மீட்டரின் செலவைக் கழித்துப் பேசுங்கள்.